பெர்மிட் இல்லாமல் இடுப்பில் துப்பாக்கி: அமெரிக்காவின் 29 மாநிலங்களில் என்ன மாறியது?

டெக்சாஸில் சில ஆஸ்பத்திரிகள், அலுவலகங்கள், கடைகளின் வாசல் கண்ணாடியில் நீளமான ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, அதே விஷயம் கீழே ஸ்பானிஷில். எழுத்து குறைந்தது ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சில வாசல்களில் ஒன்று இருக்கும், சிலவற்றில் மூன்றும் இருக்கும். அவற்றில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களைப் பார்க்கலாம். மூன்றும் மாநிலத் தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள். 30.06 என்றால், உரிமம் உள்ளவர் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது. 30.07 என்றால், அதே ஆள் வெளியே தெரியும்படி உறையில் மாட்டிக்கொண்டும் வரக்கூடாது. 30.05 பலகை 2021க்குப் பிறகு வந்தது. உரிமமே வாங்காமல் துப்பாக்கி வைத்திருப்பவர் உள்ளே வரக்கூடாது என்பது அதன் பொருள்.

உரிமமே வாங்காதவருக்கு எதற்குத் தனிப் பலகை? அவர் துப்பாக்கியோடு தெருவில் நடந்தாலே போலீஸ் பிடிக்காதா? பிடிக்காது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் அது குற்றமில்லை. சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவர், எந்த அலுவலகத்துக்கும் போகாமல், எந்த வகுப்பிலும் உட்காராமல், அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே போகலாம். ஆளுநர் கிரெக் அபட் அந்தச் சட்டத்துக்கான கையெழுத்து விழாவை சான் அன்டோனியோவில், டெக்சாஸ் விடுதலைப் போரின் நினைவிடமான அலமோ கோட்டையில் நடத்தினார். டெக்சாஸ்காரர்களுக்கு அந்த இடம் எவ்வளவு புனிதமானது என்று தெரிந்தால், அவர் அங்கே போனது ஏன் என்றும் புரியும்.

டெக்சாஸ் இதில் முதல் மாநிலமும் இல்லை, கடைசி மாநிலமும் இல்லை. 2024 ஜூலையில் லூசியானாவின் சட்டம் அமலுக்கு வந்தபோது இப்படிப்பட்ட மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆனது. 50 மாநிலங்களில் பாதிக்கு மேல். ஆதரிப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கான்ஸ்டிட்யூஷனல் கேரி'. அரசியல் சாசனமே தந்த உரிமைக்குத் தனியாக ஒரு சீட்டு எதற்கு என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பவர்கள் 'பெர்மிட்லெஸ் கேரி' என்கிறார்கள். எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதிலேயே எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். நான் இங்கே பெர்மிட் இல்லாச் சட்டம் என்றே எழுதுகிறேன். என் கருத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கி வாங்குவது வேறு, வீட்டில் வைத்திருப்பது வேறு, அதை உடம்போடு வெளியே எடுத்துச் செல்வது வேறு. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் வாங்குவதற்கும் வீட்டில் வைப்பதற்கும் உரிமம் எப்போதும் தேவைப்பட்டதில்லை. நாம் பேசும் சட்டங்கள் மூன்றாவதைப் பற்றியவை. அதிலும் குறிப்பாக, பிறர் கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துச் செல்வதைப் பற்றியவை.

இந்த மறைத்தல் விஷயத்துக்கு ஒரு விசித்திரமான வரலாறு இருக்கிறது. மறைவான ஆயுதத்துக்கு எதிராக முதலில் சட்டம் போட்ட மாநிலங்கள் கென்டக்கியும் லூசியானாவும், இரண்டுமே 1813ல். கென்டக்கி சட்டம் சட்டைப்பைத் துப்பாக்கி, குத்துவாள், பெரிய கத்தி, கைத்தடிக்குள் ஒளித்த வாள் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடை செய்தது. பயணத்தில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு. அன்றைய தென் மாநிலங்களில் ஒருவன் துப்பாக்கியைத் தெரியும்படி இடுப்பில் வைத்திருந்தால் அவனை யோக்கியன் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒளித்து வைத்திருந்தால் அவன் முதுகில் குத்த வந்தவன். 1850ல் லூசியானா உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதையே சட்டமொழியில் சொன்னது. வெளிப்படையாக ஆயுதம் தரிப்பது ஆண்மையான தற்காப்புக்கு உதவும், மறைத்து வைப்பது கோழைத்தனமான கொலைக்கு வழி செய்யும் என்பது அதன் சாரம். கென்டக்கியில் கைத்தடி வாளோடு பிடிபட்ட ஒருவருக்காக அந்த மாநில நீதிமன்றம் 1822ல் தடையை ரத்து செய்தது. மாநிலமும் விடவில்லை, 1850ல் அரசியல் சாசனத்தையே திருத்தி, மறைவான ஆயுதத்தைத் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்குக் கொடுத்தது.

அதே கென்டக்கி 2019ல் பெர்மிட்டை எடுத்துவிட்டது. லூசியானா 2024ல் எடுத்துவிட்டது. நம் முன்னோர் தந்த உரிமையை மீட்டெடுக்கிறோம் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த இரண்டு மாநிலங்களின் 1813ஆம் ஆண்டுச் சட்டப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. துப்பாக்கி உரிமையைத் தூக்கிப் பிடித்த, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு ஹெல்லர் தீர்ப்பிலேயே, 19ஆம் நூற்றாண்டின் பெரும்பாலான நீதிமன்றங்கள் மறைவான ஆயுதத் தடையைச் செல்லும் என்றுதான் சொல்லியிருக்கின்றன என்று நீதிபதி ஸ்காலியா எழுதியிருக்கிறார்.

விதிவிலக்கு வெர்மான்ட். அங்கே மறைத்து எடுத்துச் செல்ல எப்போதுமே பெர்மிட் கிடையாது. ரட்லண்ட் நகராட்சி, மேயர் அல்லது போலீஸ் தலைவரின் எழுத்து அனுமதி வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தது. 1903ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நூறு ஆண்டுகள் வெர்மான்ட் தனியாகவே நின்றது. 2003ல் அலாஸ்கா சேர்ந்தது. 2010ல் அரிசோனா.

டெக்சாஸ் என்றாலே எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் 1871 முதல் 1995 வரை, ஏறத்தாழ 125 ஆண்டுகள், டெக்சாஸில் சாதாரண ஆள் கைத்துப்பாக்கியோடு ஊருக்குள் நடமாட முடியாது. அதை மாற்றியதில் ஒரு மதிய உணவு வேளைக்குப் பெரிய பங்கு உண்டு.

1991 அக்டோபர் 16. கில்லீன் என்ற ஊரில் லூபிஸ் என்ற உணவகம். ஒருவன் தன் பிக்கப் வண்டியைக் கண்ணாடிச் சுவரை உடைத்து உள்ளே ஓட்டி, இறங்கிச் சுடத் தொடங்கினான். 23 பேர் இறந்தார்கள். உள்ளே சுசானா ஹப் என்ற பெண் தன் அப்பா அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. ஆனால் அதைக் கைப்பையில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம், தொழில் உரிமம் போய்விடும் என்று பயந்து காரில் வைத்துவிட்டு வந்திருந்தார். அப்பா கொலையாளியை நோக்கிப் பாய்ந்தார், சுடப்பட்டார். அம்மா கணவரை விட்டு நகரவில்லை, அவரும் சுடப்பட்டார். மகள் ஜன்னல் வழியே தப்பினார். பிறகு நாடு முழுக்கப் போய்ச் சட்டமன்றக் குழுக்களின் முன் இந்தக் கதையைச் சொன்னார். 1996ல் டெக்சாஸ் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தக் கதையை மனம் கனக்காமல் கேட்க முடியாது. பெர்மிட் இல்லாச் சட்டத்தை எதிர்க்கும் என்னைப் போன்றவர்கள் இதைத் தாண்டிக் குதித்துப் போய்விடக் கூடாது. துப்பாக்கி இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மாநிலம் அவருக்கு ஒரு வழியையே விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. 1993ல் இது பற்றி மக்கள் வாக்கெடுப்பு நடத்தும் மசோதாவை ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் நிராகரித்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அவரைத் தோற்கடித்தார். 1995ல் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தரும் சட்டத்தில் புஷ் கையெழுத்திட்டார்.

அந்த 1995 சட்டம் சுசானா ஹப் கேட்டதைக் கொடுத்தது, பெர்மிட்டோடு கொடுத்தது. கைரேகை, பின்னணிச் சோதனை, வகுப்பு, சுடும் தேர்வு எல்லாம் அதில் இருந்தன. கில்லீனைக் காட்டிக் கேட்கப்பட்டது இந்தச் சட்டம். பெர்மிட்டையே எடுத்துவிடுவது அதிலிருந்து வெகுதூரம் தள்ளி உள்ள வேறு விஷயம்.

இந்தத் தூரத்தை மாநிலங்கள் எப்படிக் கடந்தன என்று பார்த்தால் படிப்படியாகத் தெரியும். பழைய முறையில் ஷெரிப்போ (மாவட்டக் காவல் அதிகாரி) போலீஸ் தலைவரோ மனது வைத்தால்தான் பெர்மிட். இதை 'மே இஷ்யூ' என்பார்கள். அடுத்தது 'ஷால் இஷ்யூ': சட்டம் சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால் கொடுத்தே ஆக வேண்டும், அதிகாரிக்கு மறுக்கும் சுதந்திரம் கிடையாது. 1987ல் புளோரிடா இந்த வகைச் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகு அது நாடெங்கும் பரவியது. பெர்மிட்டே வேண்டாம் என்பது மூன்றாவது படி.

மிசூரி இதற்கு நல்ல உதாரணம். 1999 ஏப்ரலில் அங்கே மக்களிடமே கேட்டார்கள், மறைவாக எடுத்துச் செல்ல உரிமம் தரலாமா என்று. கிராமப்புறம் சரி என்றது, செயின்ட் லூயிசும் கன்சாஸ் சிட்டியும் கூடாது என்றன. குறைந்த வித்தியாசத்தில் திட்டம் தோற்றது. 2003ல் சட்டமன்றம் அதையே சட்டமாக்கியது, ஆளுநர் பாப் ஹோல்டன் நிராகரித்தார், அதையும் மீறி நிறைவேற்றினார்கள். 2007ல் கைத்துப்பாக்கி வாங்குவதற்குத் தேவைப்பட்ட பெர்மிட்டை எடுத்தார்கள். 2016ல் எடுத்துச் செல்லும் பெர்மிட்டை எடுத்தார்கள். ஆளுநர் ஜே நிக்சன் நிராகரித்ததையும் மீறி, 2017 ஜனவரி 1 முதல் அமல். மக்கள் பெர்மிட்டோடுகூட வேண்டாம் என்று சொன்ன மாநிலத்தில், 18 ஆண்டுக்குள் பெர்மிட் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்றாகிவிட்டது. மறைத்து எடுத்துச் செல்வதற்கு நகரங்கள் தங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டுக்கொள்ளவும் வழியில்லை, அதில் மாநிலச் சட்டம்தான் மேலே நிற்கும். செயின்ட் லூயிஸ் போலீஸும் மேயர்களும் அங்கலாய்ப்பது இதற்காகத்தான்.

மற்ற மாநிலங்கள் வரிசையாக வந்தன. 2015ல் கன்சாஸ், மெயின். 2016ல் மேற்கு வர்ஜீனியா, அங்கேயும் ஆளுநரின் நிராகரிப்பை மீறி. 2019ல் தெற்கு டகோட்டா, ஓக்லஹோமா. 2021 ஒரே ஆண்டில் டெக்சாஸ், டென்னசி, அயோவா, யூட்டா, மொன்டானா. 2022ல் ஜார்ஜியா, ஓஹயோ, இந்தியானா. 2023ல் அலபாமா, புளோரிடா, நெப்ராஸ்கா. 2024ல் தெற்கு கரோலினா.

இதற்கு உச்ச நீதிமன்றம்தான் காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. 2022 ஜூன் 23 அன்று வந்த புரூன் தீர்ப்பைத்தான் அவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 1911லிருந்து ஒரு கடுமையான சட்டம் இருந்தது. பெர்மிட் கேட்பவர் தனக்கு விசேஷமான ஆபத்து இருக்கிறது என்று அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டும். சும்மா தற்காப்புக்கு என்றால் கிடைக்காது. 6க்கு 3 என்ற கணக்கில் அந்த நிபந்தனையை நீதிமன்றம் ரத்து செய்தது. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகியவற்றின் சட்டங்களையும் இது தொட்டது. ஆனால் பெர்மிட் முறையே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பின் ஓர் அடிக்குறிப்பும், நீதிபதி கவனாவின் தனிக் குறிப்பும், ஷால் இஷ்யூ மாநிலங்களில் உள்ள பின்னணிச் சோதனை, பயிற்சி போன்றவை தொடரலாம் என்றே சொல்கின்றன. நியூயார்க் அடுத்த மாதமே 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேர சுடும் பயிற்சியும் கட்டாயம் என்று புதுச் சட்டம் போட்டது. புரூனுக்கு முன்பே, வெர்மான்டையும் சேர்த்து, 25 மாநிலங்கள் பெர்மிட் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தன. அது முழுக்க முழுக்கச் சட்டமன்றங்கள் எடுத்த அரசியல் முடிவு. சட்டமன்றம் எடுத்ததைச் சட்டமன்றமே திரும்பக் கொண்டுவரவும் முடியும் என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

சரி, பெர்மிட் போனதில் போனது என்ன?

டெக்சாஸ் உரிமத்துக்கான வகுப்பு 4லிருந்து 6 மணி நேரம். அதோடு 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். வகுப்பில் என்னென்ன சொல்லித்தர வேண்டும் என்று சட்டத்திலேயே பட்டியல் உண்டு. எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது என்ற சட்டம், பாதுகாப்பாகக் கையாள்வது, குழந்தைகள் கையில் கிடைக்காமல் பூட்டி வைப்பது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: தகராறை வன்முறை இல்லாமல் தீர்ப்பது. முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பார்க்கிங் இடத்துக்காகச் சண்டை, நெடுஞ்சாலையில் குறுக்கே வெட்டியதற்காகச் சண்டை, இவற்றில் இடுப்பில் துப்பாக்கி உள்ளவன் எப்படிப் பின்வாங்க வேண்டும் என்று மாநிலம் அரைநாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது. இப்போது அது விருப்பப் பாடம் ஆகிவிட்டது. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் மிகப்பெரிய இழப்பு இதுதான்.

கட்டணம் ஏழைகளுக்குச் சுமை என்று ஒரு வாதம் உண்டு, நியாயமான வாதம். ஆனால் டெக்சாஸ் 2017லேயே கட்டணத்தை 140 டாலரிலிருந்து 40 டாலராகக் குறைத்துவிட்டது. சுமைதான் பிரச்சினை என்றால் அந்த வழியிலேயே இன்னும் போயிருக்கலாம், இலவசமாகவே கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது இழப்பு பின்னணிச் சோதனை. கடையில் வாங்கினால் மத்திய அரசின் சோதனை உண்டு. ஆனால் டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் சோதனை கட்டாயம் இல்லை. முன்பு இப்படி வாங்கியவர்கூட, அதைச் சட்டப்படி மறைத்து எடுத்துச் செல்ல வேண்டும் என்றால் பெர்மிட் அலுவலகத்தின் சோதனையைத் தாண்டியாக வேண்டும். இப்போது வாங்கும்போதும் சோதனை இல்லை, எடுத்துச் செல்லும்போதும் இல்லை என்ற நிலை வரலாம். 2019 ஆகஸ்ட் 31 அன்று மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் 7 பேரைக் கொன்றவன், 2014ல் கடைச் சோதனையில் நிராகரிக்கப்பட்டவன். பிறகு தனியார் ஒருவரிடம் வாங்கியிருந்தான். அது ரைஃபிள் வகை நீளத் துப்பாக்கி, கைத்துப்பாக்கிக்கான பெர்மிட் சட்டம் அவனைத் தடுத்திருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த ஓட்டை நிஜமானது என்று தெரிந்த இரண்டே ஆண்டில், அதை அடைக்காமல், இன்னொரு வாசலிலும் காவலை எடுத்தார்கள் என்பது என்னை உறுத்துகிறது.

தகுதி இல்லாதவர் எடுத்துச் சென்றால் இன்றும் குற்றம்தான் என்று ஆதரவாளர்கள் பதில் சொல்வார்கள். கடுங்குற்றத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர், இவர்களுக்கு மத்தியச் சட்டப்படி துப்பாக்கியே கூடாது. அது மாறவில்லை. ஆனால் தனக்குத் தகுதி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் வேலை இப்போது அந்த ஆளிடமே விடப்பட்டிருக்கிறது. அவர் தப்பாக நினைத்திருந்தால், அது தெரிய வருவது நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்தும்போதோ, ஏதாவது நடந்து முடிந்த பிறகோதான்.

இப்படிச் சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்ள ஒரு பெரிய குழி இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள், அதாவது சுமார் 300 மீட்டருக்குள், துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். 5 ஆண்டுவரை சிறை. 1990ல் வந்த இந்தச் சட்டத்தை, சான் அன்டோனியோ மாணவர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995ல் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு காங்கிரஸ் சில சொற்களைச் சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்தது. இதில் உள்ள விலக்குகளில் முக்கியமானது, பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த உரிமம் வைத்திருப்பது. பெர்மிட் தேவையில்லை என்று மாநிலம் சொல்லிவிட்டதால் பெர்மிட் வாங்காத ஒருவர், தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் காரில் போனால்கூட இந்தச் சட்டத்தின் எழுத்துப்படி குற்றம் செய்கிறார். 1,000 அடி வட்டம் போட்டால் ஊரின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். வழக்கமாக யாரும் இதற்காக மட்டும் வழக்குப் போடுவதில்லை. ஆனால் வேறு எதற்காவது பிடிபட்டால் இதுவும் சேர்ந்துகொள்ளலாம்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்தது. ஹூஸ்டன், டாலஸ், அட்லாண்டா, கொலம்பஸ், இங்கெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாமே இப்போது பெர்மிட் தேவைப்படாத மாநிலங்கள். பக்கத்து வீட்டுக்காரரோ அலுவலக நண்பரோ, 'இங்கே பெர்மிட்டே வேண்டாமே, நீயும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்' என்று நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடும். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற குடியேறாதோர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி கடுங்குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. மாநிலம் பெர்மிட்டை எடுத்ததால் இந்தத் தடை போய்விடவில்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. பெர்மிட் இருந்த காலத்தில், தெரியாமல் விண்ணப்பித்த விசாக்காரரைக் கவுன்டரிலேயே 'உங்களுக்குத் தகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். இப்போது அப்படிச் சொல்ல ஆள் இல்லை. சிறைத்தண்டனை, அப்புறம் நாடு கடத்தல் என்று போகக்கூடிய தவறு இது. விசாவில் இருப்பவர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

போலீஸ்காரர்கள் பொதுவாக இந்தச் சட்டங்களை விரும்பவில்லை. டெக்சாஸில் பல நகரப் போலீஸ் தலைவர்கள் எதிர்த்தார்கள், ஓஹயோவில் போலீஸ் சங்கம் எதிர்த்தது. அலபாமாவில் ஷெரிப்கள் எதிர்த்ததற்குப் பண விஷயமும் ஒரு காரணம். பெர்மிட் கட்டணம் அவர்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தது, இழப்பை ஈடுகட்டத் தனி நிதியே ஏற்படுத்த வேண்டியிருந்தது. ஆனால் அது மட்டுமே காரணம் என்று தள்ளிவிட முடியாது. இரவு 2 மணிக்கு ஒரு காரை நிறுத்தி, ஜன்னல் பக்கம் போகும் போலீஸ்காரருக்கு முன்பு ஒரு தகவல் கிடைத்தது: இவர் பெர்மிட் உள்ளவர், சோதிக்கப்பட்டவர். இப்போது அந்தத் தகவல் இல்லை. ஓஹயோவில் முன்பு காரை நிறுத்தியவுடன் துப்பாக்கி இருப்பதை ஓட்டுநரே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். 2022 சட்டத்துக்குப் பிறகு, கேட்டால் சொன்னால் போதும்.

இந்த இடத்தில் நிறத்தைப் பேசாமல் இருக்க முடியாது. பெர்மிட் முறைக்கு எதிரான வாதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். 1956 ஜனவரியில் அலபாமாவின் மான்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் மறைவாகத் துப்பாக்கி எடுத்துச் செல்ல பெர்மிட் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அந்த நகரத்தில் அவரைவிட அதிக ஆபத்தில் இருந்த ஆள் யார்? அதிகாரி மனது வைத்தால்தான் என்ற முறை கறுப்பினத்தவருக்கு என்ன செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1941ல் புளோரிடா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், தங்கள் மாநிலத்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பினத் தொழிலாளர்களின் ஆயுதத்தைப் பறிக்கவே போடப்பட்டது என்று தீர்ப்பிலேயே வெளிப்படையாக எழுதினார்.

ஆனால் அதற்கு மருந்து ஷால் இஷ்யூ முறையிலேயே இருக்கிறது. அதிகாரிக்கு மறுக்கும் சுதந்திரத்தை எடுத்துவிட்டால், கிங்குக்குக் கிடைத்திருக்க வேண்டியது கிடைத்துவிடும். வகுப்பையும் சோதனையையும் சேர்த்து எறிய வேண்டியதில்லை. இன்னொன்று, பெர்மிட் போனதால் கறுப்பின இளைஞருக்குத் தெருவில் பாதுகாப்புக் கூடிவிட்டதா? 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ கஸ்டீல் என்பவரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. அவரிடம் முறையான பெர்மிட் இருந்தது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே பணிவாகச் சொன்னார். சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரியை அடுத்த ஆண்டு ஜூரி விடுவித்தது. பெர்மிட் வைத்திருந்தவரின் கதியே இது என்றால், காட்டுவதற்கு அதுவும் இல்லாதவர் எதை நம்பிக் கையை எங்கே வைப்பார்?

சரி, குற்றம் கூடியதா குறைந்ததா? ஜான் லாட் என்ற பொருளாதார அறிஞர் 1990களில் எடுத்துச் செல்லும் உரிமையால் குற்றம் குறைகிறது என்று கணக்குக் காட்டினார், சட்டமன்றங்களில் அது பெரிதும் எடுபட்டது. 2004ல் தேசிய ஆய்வுக் குழு இரு பக்கமும் உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2019ல் ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹ்யூவும் உடன் ஆய்வாளர்களும், எடுத்துச் செல்வதை எளிதாக்கிய மாநிலங்களில் 10 ஆண்டுக்குப் பிறகு வன்முறைக் குற்றம், இல்லாவிட்டால் இருந்திருக்கும் அளவைவிட 13லிருந்து 15 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். இவை எல்லாம் பெரும்பாலும் ஷால் இஷ்யூவுக்கு மாறியதைப் பற்றிய ஆய்வுகள். பெர்மிட்டையே எடுத்த சட்டங்களில் பல 2021க்குப் பிறகு வந்தவை, அதுவும் கொரோனாக் காலக் கொந்தளிப்பின் நடுவே. அதனால் ஏதோ ஓர் ஆண்டின் எண்ணிக்கையைத் தூக்கிக் காட்டி 'பார்த்தாயா' என்று சொல்பவரை, அவர் எந்தப் பக்கமாக இருந்தாலும், நம்ப வேண்டாம்.

குற்றம் ஏன் கூடலாம் என்பதற்கான விளக்கம்தான் எனக்கு அதிகம் பயன்பட்டது. பெர்மிட் வைத்திருப்பவரே போய்க் கொலை செய்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். ஆனால் துப்பாக்கி வீட்டு அலமாரியை விட்டு வெளியே வந்துவிட்டது. வாசலில் 30.06 பலகை உள்ள கடைக்குள் போக வேண்டும் என்றால் அதைக் காரில் வைத்துவிட்டுப் போகிறார்கள். விளையாட்டு அரங்கம், மது விற்பனையே பாதிக்கு மேல் வருமானமாக உள்ளதால் சிவப்பில் 51% என்று எழுதிய பலகை மாட்டிய பார், எல்லா இடத்திலும் அதேதான். காரை உடைப்பவனுக்கு இது தெரியும். திருட்டுப்போன துப்பாக்கி யார் கைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. கில்லீனில் காரில் விட்ட ஒரு ரிவால்வரில் தொடங்கிய கதை, காரில் விட்ட ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளிடம் வந்து நிற்கிறது.

பெர்மிட் கட்டாயம் இல்லாத மாநிலங்களிலும் பெர்மிட் கொடுப்பது நிற்கவில்லை. விருப்பமுள்ளவர் இன்றும் வாங்கலாம், பலர் வாங்குகிறார்கள். பள்ளிக்கூட வட்டம் ஒரு காரணம். டெக்சாஸில் உரிமம் காட்டினால், கடையில் புதுத் துப்பாக்கி வாங்கும்போது தனியாகப் பின்னணிச் சோதனை இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் மாநில எல்லை. உங்கள் மாநிலத்தில் பெர்மிட் வேண்டாம் என்பது பக்கத்து மாநிலத்தில் செல்லாது. பல மாநிலங்கள் ஒன்றின் பெர்மிட்டை மற்றொன்று ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் ஏற்றுக்கொள்ள ஒரு அட்டை கையில் இருக்க வேண்டுமே. 2013ல் பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்த ஒரு தாய் நியூ ஜெர்சிக்குள் காரோட்டி வந்தார். போலீஸ் நிறுத்தியபோது துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். நியூ ஜெர்சியில் அவர் பெர்மிட் செல்லாது. கைது செய்தார்கள், பல ஆண்டு கட்டாயச் சிறை அவர் தலைக்கு மேல் தொங்கியது. 2015ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி பொதுமன்னிப்புக் கொடுத்த பிறகுதான் முழுவதும் தீர்ந்தது.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது அநியாயம் என்று இரு கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஒரு தீர்வாக, ஒரு மாநிலத்தில் எடுத்துச் செல்ல முடிந்தவர் எல்லா மாநிலத்திலும் எடுத்துச் செல்லலாம் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231க்கு 198 என்று நிறைவேறியது. செனட்டில் நின்றுவிட்டது. அதே யோசனை காங்கிரஸில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. அது சட்டமானால், வகுப்பும் சோதனையும் கேட்கும் நியூயார்க்கின் தெருவில், எதுவும் கேட்காத மாநிலத்திலிருந்து வந்தவர் மறைத்து வைத்த துப்பாக்கியோடு நடக்கலாம். நியூயார்க்காரர் மட்டும் 18 மணி நேரம் பயிற்சி எடுத்துவிட்டு வர வேண்டும்.